மூச்சைக் கேட்டவர்கள்

என் தாய்மாமன் வாய் ஓயாத மனிதர். தபாலாபீஸில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். கடிதங்களோடு ஊர் வம்பையும் முத்திரை குத்தி அனுப்பி வைத்தவர் என்று அத்தை சொல்வாள். ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பேச்சு இன்னும் கூடிற்றே தவிரக் குறையவில்லை. அப்படிப்பட்டவர் சென்ற மார்கழியில் நிமோனியா கண்டு, பேச்சு மூச்சில்லாமல் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். பேச்சில்லாமல் என்பது உண்மை. மூச்சு இருந்தது, ஆனால் அது அவருடைய மூச்சல்ல. வாய் வழியாகத் தொண்டைக்குள் ஒரு குழாயைச் செலுத்தி, அதை வென்டிலேட்டர் என்ற சுவாச யந்திரத்தோடு இணைத்திருந்தார்கள். யந்திரம் காற்றைத் தள்ளும். மாமாவின் மார்பு ஏறும். யந்திரம் நிறுத்தும், மார்பு இறங்கும்.

மூன்றாம் நாள் மாலை, பார்வையாளர் நேரத்தில் நான் கட்டிலருகே நின்றிருந்தேன். திடீரென்று யந்திரம் கூவ ஆரம்பித்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த நர்ஸ் ஓடி வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுக்கு மேல் இராது. அவள் யந்திரத்தின் வாயை அடைக்கப் போகவில்லை. போர்வையை விலக்கி, குனிந்து, மாமாவின் மார்பையே பார்த்தாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு பக்கமும் வைத்தாள். "டாக்டர், இடது பக்கம் ஏறவே இல்லை" என்றாள்.

டாக்டர் வந்து விரலால் மார்பைத் தட்டினார். காதில் குழலை மாட்டிக் கேட்டார். யந்திரத்தைக் கழற்றி விட்டு ஒரு ரப்பர் பையைப் பொருத்தித் தம் கையாலேயே நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்தார். "வெளியே இருங்க சார்" என்று என்னிடம் சொன்னார். அரைமணி கழித்துக் கூப்பிட்டார்கள். மாமாவின் விலாவிலிருந்து ஒரு குழாய் இறங்கிக் கட்டிலடியில் இருந்த தண்ணீர் ஜாடிக்குள் போயிற்று. ஜாடியில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. "நுரையீரல் சுருங்கி விட்டது, காற்றை வெளியே எடுத்திருக்கிறோம்" என்றார் டாக்டர்.

வாயிருந்தும் சொல்ல முடியாத ஒரு மனிதரின் மார்புக்குள்ளே நடந்தது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? நான் கதை எழுதிப் பிழைக்கிறவன், வைத்தியம் அறியேன். ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பின் பல மாதங்கள் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் தெரிந்துகொண்ட சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் விஷயம் இன்னதென்று புரிந்துகொள்வோம். நம் நுரையீரல் ரப்பரைப் போலச் சுருங்க விரும்பும் பண்டம். அது விரிந்து நிற்பதற்குக் காரணம், மார்புச் சுவரோடு அது ஒட்டிக்கொண்டிருப்பதுதான். நுரையீரலின் மேல் ஒரு மெல்லிய உறை. சுவரின் உட்புறம் இன்னொன்று. நடுவே சிறிது ஈரம் மட்டும் உண்டு, காற்று கிடையாது. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வது போல் அவை ஒட்டி நிற்கின்றன. நுரையீரலில் ஒரு பொத்தல் விழுந்து, அந்த இடைவெளியில் காற்றுப் புகுந்து விட்டால் ஒட்டு விட்டுப் போகிறது. நுரையீரல் சுருங்கி விடுகிறது. இதற்கு 'நியூமோதோராக்ஸ்' என்று பெயர் வைத்தவர் பிரான்ஸ் தேசத்து வைத்தியர் இட்டார். வைத்த வருஷம் 1803. காட்டில் வளர்ந்த பையனொருவனை ஊருக்குக் கொண்டுவந்து பேசப் பழக்க முயன்று புகழ் பெற்றாரே, அதே இட்டார்தான்.

நடமாடுகிற மனிதனுக்கு இது நேர்ந்தால் மார்பில் சுருக்கென்று வலிக்கும், மூச்சு முட்டும். அவன் சொல்லி விடுவான். ஒரு நுரையீரல் சுருங்கினாலும் மற்றொன்றைக்கொண்டு பெரும்பாலும் தாக்குப் பிடிப்பான். யந்திரத்தில் கிடப்பவன் கதை வேறு. நாம் மூச்சு விடும்போது காற்றை உள்ளே இழுக்கிறோம்; யந்திரமோ காற்றைத் தள்ளுகிறது. பொத்தலான நுரையீரலுக்குள் தள்ளிய காற்று பொத்தல் வழியே இடைவெளிக்குப் போகிறது. போன காற்றுக்குத் திரும்ப வழியில்லை. டியூபுக்குள் அடிப்பதாக நினைத்துக்கொண்டு டயருக்கும் டியூபுக்கும் நடுவே காற்றடித்தால் என்ன ஆகும்? டியூப் நசுங்கும். ஒவ்வொரு மூச்சிலும் அழுத்தம் ஏறுகிறது. நுரையீரலை நசுக்கியது போதாதென்று அது இருதயத்தையும் மறுபக்கம் தள்ளுகிறது. இருதயத்துக்கு ரத்தம் திரும்பி வரும் பெரிய நாளங்களை நெருக்குகிறது. ரத்த அழுத்தம் விழுகிறது. சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்து விடலாம். உயிர் கொடுக்க வைத்த யந்திரமே, யாரும் கவனிக்காவிட்டால், உயிரை எடுத்து விடும்.

இதைக் கண்டறியும் வித்தைக்கு முதல் படி கட்டியவர் ஒரு சத்திரக்காரர் மகன். ஆஸ்திரியாவில் கிராட்ஸ் என்னும் ஊரில் 1722-ல் பிறந்தவர். பெயர் லியோபோல்டு ஆவன்புருக்கர். சத்திரத்து நிலவறையில் பீப்பாயை விரலால் தட்டி, மது எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தகப்பனார் அறிவதைச் சிறு வயதில் பார்த்திருப்பார் என்று சொல்வதுண்டு. வியன்னாவில் டாக்டரான பிறகு நோயாளிகளின் மார்பைத் தட்டிப் பார்த்தார். காற்றிருக்கும் இடம் ஒரு விதமாகவும், நீர் கட்டிய இடம் வேறு விதமாகவும் ஒலித்தது. பல வருஷம் சோதித்து 1761-ல் லத்தீன் மொழியில் ஒரு சிறிய புஸ்தகம் வெளியிட்டார். உலகம் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாற்பத்தேழு வருஷம் கழித்து, நெப்போலியனின் வைத்தியரான கோர்விஸார் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். அதற்கு அடுத்த வருஷம் ஆவன்புருக்கர் காலமானார். நம் பலாப்பழக் கடைக்காரர்களையும் பானை வாங்கும் பாட்டிமார்களையும் நினைத்துக்கொண்டேன். தட்டிப் பார்க்கும் வித்தை எங்கும் உண்டு. அதை மனிதன் மார்பில் செய்து பார்க்கத்தான் ஒருவர் வேண்டியிருந்தது.

கோர்விஸாரிடம் பாடம் கேட்ட மாணவர்களில் ஒருவர் ரெனே லேனெக். 1816-ல் பாரிஸ் நெக்கர் ஆஸ்பத்திரியில், மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட வேண்டிய ஒரு பெண் நோயாளி வந்தபோது, அவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. மூன்று வருஷம் கழித்து அவர் வெளியிட்ட நூலில் நம் வியாதிக்கும் இடமுண்டு. தட்டினால் காலிப் பானை போல் கணீரென்று ஒலிக்கிறது. அவ்வளவு காற்று உள்ள இடத்தில் மூச்சின் ஓசையும் கேட்க வேண்டுமல்லவா? காதை வைத்தால் நிசப்தம். விரல் ஒன்று சொல்கிறது, காது வேறொன்று சொல்கிறது. அந்த முரண்பாடே அடையாளம். என் மாமாவின் கட்டிலருகே அந்த இளம் டாக்டர் தட்டியதும் கேட்டதும் இந்த இருநூறு வருஷத்துப் பாடத்தைத்தான்.

நடுவில் ஒரு வேடிக்கை. இதே வியாதியை வைத்தியர்களே வேண்டுமென்று உண்டாக்கிய காலமும் இருந்தது. க்ஷயரோகம் பிடித்த நுரையீரலுக்கு ஓய்வு கொடுத்தால் புண் ஆறும் என்று இத்தாலியரான போர்லானினி 1882-ல் யோசனை சொன்னார். ஊசியால் காற்றைச் செலுத்தி நுரையீரலைச் சுருக்கி வைப்பதுதான் சிகிச்சை. நம் நாட்டு க்ஷயரோக ஆஸ்பத்திரிகளிலும் இது நடந்தது. மருந்துகள் வந்ததும் மறைந்தது. அந்த நோயாளிகள் தாமே மூச்சு விட்டவர்கள். வாய் திறந்து பேசியவர்கள். ஆகவே அந்தக் காற்று அவர்களைப் பெரும்பாலும் பயமுறுத்தவில்லை.

இனி 1952-ம் வருஷத்துக் கோடைக்கு வருவோம். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் போலியோ கொள்ளை நோயாகப் பரவிற்று. பிளெக்டாம் ஆஸ்பத்திரிக்குக் குழந்தைகளும் வாலிபர்களும் வந்து குவிந்தார்கள். மூச்சு விடும் தசைகளும் விழுங்கும் தசைகளும் செயலற்றுப் போனவர்கள் அவர்களில் பலர். அதுவரை உலகம் அறிந்த சுவாச யந்திரம் 'இரும்பு நுரையீரல்'. 1928-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் டிரிங்கரும் ஷாவும் முதன்முதல் நோயாளிக்குப் பயன்படுத்தியது. தலை மட்டும் வெளியே தெரிய, நோயாளியை ஒரு பெரிய உருளைக்குள் படுக்க வைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சினால் மார்பு தானாக விரியும். கோபன்ஹேகனில் அந்த ஆஸ்பத்திரியிடம் அப்படிப்பட்ட உருளை ஒன்றும், மார்பில் கவசம் போல் மாட்டும் கருவிகள் ஆறும் இருந்தன. முதல் மூன்று வாரங்களில் யந்திர சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்து போனார்கள்.

தலைமை வைத்தியர் லாஸன், மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்ஸனை அழைத்தார். அறுவை சிகிச்சையில் நாங்கள் தினமும் செய்வதை இங்கே செய்தால் என்ன என்றார் இப்ஸன். ஆகஸ்ட் 27-ம் தேதி, பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டைக்குக் கீழே துளையிட்டு, குழாய் வைத்து, ரப்பர் பையை அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளினார். நீலம் பாய்ந்திருந்த சிறுமி பிழைத்தாள். ஆனால் பையை யார் ஓயாமல் அமுக்குவது? வைத்திய மாணவர்களைக் கூப்பிட்டார்கள். பல் வைத்திய மாணவர்களும் வந்தார்கள். ஏறக்குறைய 1,500 பேர் முறை வைத்து, இரவும் பகலும், மாதக் கணக்கில் பையை அமுக்கினார்கள். ஒரு சமயம் 70 நோயாளிகளுக்கு இப்படி நடந்தது. நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருந்த சாவு நாற்பதளவில் இறங்கிற்று.

நான் இந்தக் காட்சியில் வெகு நேரம் நின்று விட்டேன். ஒரு குழந்தையின் பக்கத்தில் ஒரு மாணவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் கை அமுக்கினால்தான் அது மூச்சு விடும். அமுக்குகிற கைக்கு மார்பு தெரியும். இலேசாகப் போகிறதா, திணறுகிறதா, சளி அடைக்கிறதா என்று உள்ளங்கை சொல்லும். விழித்திருக்கும் குழந்தை கண்ணால் குறிப்புக் காட்டும். பேச முடியாதவர்க்குப் பாஷை அந்தப் பைதான்.

ஆனால் 1,500 மாணவர்களை எந்த ஊர் எப்போதும் வைத்திருக்க முடியும்? ஸ்வீடனைச் சேர்ந்த எங்ஸ்ட்ரோம் அமைத்த யந்திரம் கையின் வேலையை எடுத்துக்கொண்டது. இப்ஸன் 1953 டிசம்பரில் கோபன்ஹேகனில் ஒரு தனிப் பிரிவு ஏற்படுத்தினார். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அது முன்னோடி. யந்திரம் களைக்காது, தூங்காது. ஆனால் அதற்கு உள்ளங்கை கிடையாது. காற்றைத் தள்ளு என்றால் தள்ளும். எங்கே போகிறது என்று அறியாது. கை அறிந்ததை யந்திரத்துக்கு எப்படிக் கற்பிப்பது? அதற்குப் பின் வந்த சரித்திரமெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான்.

முதல் பதில், அழுத்தத்தைக் காட்டும் முள். இவ்வளவு காற்றுத் தள்ள வேண்டும் என்று யந்திரத்தைத் திட்டம் செய்திருந்தால், நுரையீரல் சுருங்கியவுடன் அழுத்தம் குபீரென்று ஏறும், யந்திரம் கூவும். இவ்வளவு அழுத்தத்துக்கு மேல் போகாதே என்று திட்டம் செய்திருந்தாலோ அழுத்தம் ஏறாது. முள் சாதுவாக நிற்கும். உள்ளே போகும் காற்றின் அளவுதான் குறைந்துகொண்டே வரும். அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் ஏமாந்து போவார். மேலும் யந்திரம் கூவுவதற்குக் காரணங்கள் பல. குழாயில் சளி அடைத்திருக்கலாம். குழாய் சற்று ஆழமாக இறங்கி வலது நுரையீரலுக்கு மட்டும் காற்றைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அப்போதும் இடது மார்பு ஏறாது. யந்திரமே பழுதாகி இருக்கலாம். குழாய் இடம் மாறிற்றா, அடைத்ததா, மார்பில் காற்றா, கருவிக் கோளாறா என்ற நான்கு கேள்விகளின் ஆங்கில முதலெழுத்துக்களைக் கோத்து 'டோப்' என்று டாக்டர்கள் மனப்பாடம் செய்கிறார்கள்.

இரண்டாவது பதில் எக்ஸ்ரே. ராண்ட்ஜன் 1895-ல் கண்டுபிடித்த அந்தக் கதிர் மார்புக்குள்ளே பார்க்கும் கண்ணாயிற்று. நிற்கிற மனிதனைப் படமெடுத்தால் காற்று மேலே ஏறித் தோள்பட்டைப் பக்கம் தங்கும். சுருங்கிய நுரையீரலின் விளிம்பு வெள்ளைக் கோடாகத் தெரியும். யந்திரத்தில் இருப்பவர் மல்லாந்து படுத்திருக்கிறார். அவர் மார்பில் காற்று முன்புறமாகவும் அடி விலாப் பக்கமாகவும் ஒதுங்கும். கோடு தெரியாது. அடி விலாவின் ஓரம் வழக்கத்தைவிட ஆழமாகக் கறுத்திருப்பது ஒன்றே குறி என்ற நிலையும் உண்டு. இந்தக் குறிக்குப் பெயர் கொடுத்து எழுதியதே 1980-ல்தான். முதுகுத் தோலின் மடிப்பு நுரையீரலின் விளிம்பு போல் விழுந்து, இல்லாத வியாதியைக் காட்டுவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகப் படமெடுக்க நேரம் வேண்டும். அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் விழுந்துகொண்டிருக்கும் நோயாளிக்குப் படம் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பது மாணவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். அங்கே கண்ணும் கையும் காதும் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஊசி உடனே இறங்க வேண்டும்.

குறைப் பிரசவக் குழந்தைகளுக்கு ஓர் அழகான உபாயம் கண்டார்கள். 1975-ல் வெளியான முறை இது. இருட்டிய அறையில், சுடாத விளக்கொன்றைக் குழந்தையின் மார்பில் ஒட்டி வைத்தால், காற்றுப் புகுந்த பக்கம் காகிதக் கூண்டு விளக்கைப் போல் ஒளி விடும். மறுபக்கம் இருண்டிருக்கும். அவ்வளவு மெல்லியது அந்த மார்பு.

மூன்றாவது பதில் வந்த வழிதான் எனக்குப் பெரிய வியப்பு. கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் அல்ட்ராசவுண்டு கருவி நுரையீரலுக்கு உதவாது என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். காற்று அந்த ஒலியைத் திருப்பி விடும். மனிதருக்கு முன்னால் இது பலித்தது குதிரைகளுக்கு. 1986-ல் ரன்டனன் என்ற கால்நடை வைத்தியர், குதிரையின் மார்பில் நுரையீரல் சுவரோடு உரசி நகர்வது படத்தில் தெரிகிறது, காற்றுப் புகுந்தால் அந்த நகர்ச்சை நின்று விடுகிறது என்று எழுதினார். குதிரையும் தன் நோவைச் சொல்லத் தெரியாத ஜீவன்தானே! பிரான்ஸில் தீவிர சிகிச்சை வைத்தியர் டானியல் லிக்டன்ஸ்டைன் 1995-ல் இதையே மனித நோயாளிகளிடம் காட்டினார். விலா இடுக்கில் கருவியை வைத்தால் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். மூச்சுக்கு மூச்சு அது எறும்புச் சாரி போல் ஊர்ந்தால், அந்த இடத்தில் நுரையீரல் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, காற்றுப் புகவில்லை. ஊராவிட்டால் சந்தேகப்பட வேண்டும். ஊராதிருக்க வேறு காரணங்களும் உண்டாகையால், ஊரும் இடமும் ஊராத இடமும் சந்திக்கும் எல்லையைத் தேடுகிறார்கள். 2000-ல் அவர் குழுவினர் விவரித்த அந்த எல்லை கிடைத்தால் சந்தேகம் தீர்ந்தது. கட்டிலை விட்டு நோயாளியை அசைக்க வேண்டாம், நிமிஷத்தில் முடியும்.

முள் வந்தது, கதிர் வந்தது, ஒலி வந்தது. இவ்வளவும் வந்த பிறகு இன்றைய மருத்துவ நூல்கள், யந்திரத்திலிருக்கும் நோயாளி திடீரென்று மோசமானால் முதலில் என்ன செய்யச் சொல்கின்றன தெரியுமா? யந்திரத்தைக் கழற்று, பையைப் பொருத்து, கையால் அமுக்கிப் பார் என்கின்றன. கை இலேசாகப் போனால் கோளாறு யந்திரத்தில். கை கெட்டியாக எதிர்த்தால் கோளாறு குழாயிலோ மார்பிலோ. குழாய்க்குள் உறிஞ்சு குழல் தடையின்றி இறங்கினால், மிச்சம் மார்புதான். 1952-ல் அந்த மாணவர்கள் உள்ளங்கையில் அறிந்ததை இன்றும் உள்ளங்கையில்தான் தேடுகிறார்கள்.

காற்றை வெளியேற்றும் வழியும் பழையதே. ஜாடித் தண்ணீருக்குள் குழாயின் வாயை முக்கி வைத்தால் உள்ளே உள்ள காற்று குமிழியாக வெளியே வரும். வெளிக் காற்று உள்ளே போகாது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து வைத்தியர் பியூலவ் இம்முறையைப் பற்றி 1891-ல் எழுதினார். மாமாவின் கட்டிலடியில் குமிழியிட்டது அவருடைய ஜாடியின் வாரிசு.

மாமா பிழைத்து எழுந்தார். ஆறாம் நாள் குமிழிகள் நின்றன. பத்தாம் நாள் வாய்க் குழாயை எடுத்தார்கள். தொண்டை கரகரத்தாலும் அன்றே பேச ஆரம்பித்து விட்டார். வீட்டுக்கு வந்ததும் நடந்ததையெல்லாம் நான் சொன்னேன். அவருக்கு ஒன்றும் நினைவில்லை. "ஏன் மாப்பிள்ளே, நீ பாட்டுக்குக் கதை கட்டுகிறாயா?" என்றார். விலாத் தழும்பைத் தடவிப் பார்த்த பிறகுதான் நம்பினார்.

"அந்தப் பெண் பேரென்ன?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஆவன்புருக்கர், லேனெக், இப்ஸன், லிக்டன்ஸ்டைன் என்று எத்தனையோ பெயர்களைத் தேடித் தெரிந்துகொண்டவன், என் கண்ணெதிரே இரண்டு கைகளையும் வைத்துப் பார்த்த பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. மறு வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் வேறு ஊருக்கு வேலைக்குப் போய் விட்டதாகச் சொன்னார்கள். உள்ளே, மாமா கிடந்த அதே கட்டிலில் யாரோ ஒருவர் கிடந்தார். யந்திரம் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வேறொரு நர்ஸ் நின்று, மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.